கழுத்து அவருடையது, அடி என்னுடையது

என் ராசாவுக்கு,

கல்யாணத்துக்கு முன்னால் அப்பா ஏதாவது புத்தி சொல்லட்டும் என்று எழுதியிருந்தாய். கடிதத்தை வழக்கம்போல நான்தான் உரக்கப் படித்தேன். உன் அப்பா வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார். கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நேரத்துக்கு சாப்புடச் சொல்லு. வெயில்ல அலய வேணாம்னு எழுது" என்றார். அவ்வளவுதான் அவர் புத்தி. அதை எழுதிவிட்டேன். இனிமேல் வருவது என்னுடையது. எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். "ரெண்டு வரி எழுத இவ்ளோ நேரமா?" என்று கேட்கிறார். "சாப்பாட்டப் பத்தி வெவரமா எழுதிக்கினு இருக்கறன்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவருக்கு எழுத்து தெரியாதது நல்லதா கெட்டதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இன்றைக்கு நல்லதுதான்.

உன் அப்பாவைப் பற்றி நீ நினைப்பதெல்லாம் சரி. நல்ல மனிதர், யார் வம்புக்கும் போகாதவர். ஆனால் அந்த நல்ல மனிதர் ஒரு நாள் சந்தையில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள், பானை தட்டுகிற தட்டுப்பலகையை நான் கையில் எடுக்கவே இல்லை. அந்த வருடப் பொங்கலுக்குள் நான் மறுபடி அதை எடுக்காமல் போயிருந்தால், கொட்டகையைப் பிரித்துக்கொண்டு மேல்பட்டாம்பாக்கத்தில் உன் பெரியப்பா சூளைக்கே கூலிக்குத் திரும்பியிருப்போம். நீ அப்போது தூளியில் கால் உதைத்துக்கொண்டு கிடந்தாய், உனக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சுரங்கத்து ஆட்களுக்கென்று கட்டிக்கொண்டிருந்த டவுன்ஷிப் அப்போது பாதி வீடும் பாதி செங்கல் அடுக்குமாக இருந்தது. உன் பெரியப்பாவோடு ஒத்துப்போகாமல் நாங்கள் தனியே வந்து, டவுன்ஷிப்புக்கு வெளியே ஏரி ஓரமாக ஒரு கொட்டகை போட்டுக்கொண்டோம். குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாவிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்கின. கட்டிலைக் கொண்டுவந்தார்கள், ஆட்டுக்கல்லைக்கூடக் கொண்டுவந்தார்கள், பானையை மட்டும் கொண்டுவர முடியவில்லை. ரயிலில் ஏற்றினால் ஓடாகத்தான் இறங்கும். பானைக்காரனுக்கு இதைவிட நல்ல காலம் வருமா? ஆனால் ஆளுக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு பானை. திருநெல்வேலி வீட்டுக்கு மீன்சட்டி அகலமாக இருக்க வேண்டும். தஞ்சாவூர் வீட்டம்மா பானையைத் தூக்கிப் பார்த்து, எங்கள் பக்கம் கழுத்து இவ்வளவு கட்டையாக இருக்காது என்பார். கோயம்புத்தூர் வீட்டம்மாவுக்கு வாய் சின்னதாக வேண்டும். உன் அப்பா எல்லாரிடமும், "ஆவட்டுங்க, அடுத்த வாரம் அப்புடியே செஞ்சாந்துடறன்" என்பார். அடுத்த வாரமும் அதே பானையைத்தான் கொண்டுபோவோம். அவர்களும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நாங்கள் மட்டும் இல்லை. வெளியூரிலிருந்து வண்டியில் பானையைக் கொண்டுவந்து கொட்டி, விற்றுவிட்டு இருட்டுவதற்குள் போய்விடுகிறவர்களும் இருந்தார்கள். நாங்கள் வாரா வாரம் அதே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். அதனால் யார் விற்ற பானை ஒழுகினாலும் அது எங்களிடம்தான் வரும். இது எங்க பானை இல்லீங்க என்றால் யார் நம்புகிறார்கள்? எல்லாப் பானையும் சிவப்பு, எல்லாப் பானையும் உருண்டை. அங்கே ஒரு டீச்சரம்மா இருந்தார், மதுரைப் பக்கம். நல்ல உயரம், குரலும் அதற்கு ஏற்றாற்போல. அவர்தான் ஒரு நாள், "உங்க பானைன்னா ஒரு அடையாளம் போட்டு வைங்கய்யா. நோட்டுல பேரு எழுதாத பிள்ளை, இது என் நோட்டு இல்லைன்னுதான் சொல்லும். நான் தினம் பார்க்கிறேன்" என்றார். உன் அப்பாவுக்கு அது மனதில் விழுந்துவிட்டது.

மறுநாளே ஒரு வேப்பங்கட்டையை எடுத்துச் செதுக்க ஆரம்பித்தார். முருகனுக்கு வேண்டிக்கொண்டு மயில் செதுக்குகிறேன் என்றார். சக்கரத்தில் அவர் கை எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியும். கத்தியைப் பிடித்தால் அந்தக் கை வேறு யாருடையதோ போல ஆகிவிடும். தோகை கொஞ்சம் உடைந்தது, அதைச் சரி பண்ணப் போய் கழுத்து குட்டையாயிற்று, கழுத்தைச் சரி பண்ணப் போய் வயிறு பெருத்தது. முதல் பானையின் கழுத்துக்குக் கீழே ஈரம் காயுமுன் அழுத்தி எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பார்த்தேன். "கோழி நல்லாருக்குது" என்றேன். அன்றைக்கு அவர் ராத்திரிச் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் வேண்டுமென்று சொல்லவில்லை ராசா, எனக்கு அது கோழியாகத்தான் தெரிந்தது. டவுன்ஷிப்புக்கே அப்படித்தான் தெரிந்தது. ஒரு மாதத்துக்குள் சந்தையில் வந்து, "கோழி மார்க் பானை இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். உன் அப்பா முதலில், "மயிலுங்க அது" என்று திருத்திப் பார்த்தார். பிறகு, "சேவல்னாவது சொல்லுங்க, அதுவும் முருகனோடதுதான்" என்று இறங்கி வந்தார். ஒருத்தரும் கேட்கவில்லை. வியாபாரம் ஏறியதும் அவரே, "கோழி மார்க்கு, கோழி மார்க்கு!" என்று கூவத் தொடங்கிவிட்டார்.

பெயர் கிடைத்த பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. கோழி ஏறாத பானை கிடையாது. சோற்றுப் பானை, தண்ணீர்ப் பானை, சட்டி, மூடி எல்லாவற்றிலும் கோழி. கடைசியில் கொள்ளிக்குடத்திலும் குத்திவிட்டார். சுரங்கத்தில் பிட்டராக இருந்த ஒருவர் பக்கத்து பிளாக்கில் நடந்த சாவுக்குப் போய், சுடுகாட்டில் அந்தக் குடத்தை உடைப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். தலைமுழுகிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், சற்று முன் சிதைக்குப் பக்கத்தில் உடைந்து கிடந்த அதே கோழி அவர் வீட்டுத் தண்ணீர்ப் பானையிலிருந்து அவரைப் பார்க்கிறது. அவர் மனைவி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். "எங்க வூட்டுக் கோழியும் சுடுகாட்டுக் கோழியும் ஒண்ணாய்யா? அந்த மனுசன் காலையிலேந்து பச்சத் தண்ணி குடிக்கல!" என்று ஒரே சத்தம். வேறு பானை கொடுத்து, காலில் விழாத குறையாகச் சமாதானம் பண்ணி அனுப்பினோம். அதற்குப் பிறகு கொள்ளிக்குடம் மட்டும் மொட்டையாகப் போயிற்று.

இனிமேல்தான் என் கதை. நீ சின்ன வயதிலிருந்து புத்தகமும் கையுமாக இருந்தவன், களிமண் பக்கம் வந்ததில்லை. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடி கிடையாது. கழுத்தும் வாயும் இருக்கும், உடம்பு தடிமனாக நிற்கும், கீழே ஓட்டையாக இருக்கும். அதை நிழலில் ஒரு பதம் காயவைத்து, உள்ளே இடது கையால் ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே வலது கையால் தட்டுப்பலகையால் தட்டித் தட்டி மண்ணை இழுத்து, அந்த ஓட்டையை மூட வேண்டும். தட்டத் தட்டத்தான் பானை உருண்டையாகும், பெரிதாகும், மெலியும். சக்கரம் சுற்றுவது ஆம்பளை வேலை, தட்டுவது பொம்பளை வேலை. ஒரு பானையைச் சக்கரத்தில் எழுப்ப வெற்றிலை போடுகிற நேரம்தான். அதைத் தட்டி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உன் அப்பா பார்த்தே இல்லை. அந்த நேரத்தில் அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

மார்கழி பிறந்த சமயம். பொங்கலுக்கு டீச்சரம்மா தங்கள் பிளாக்கில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் சேர்த்துப் புதுப்பானை சொல்லியிருந்தார். அதைக் கொடுத்துவிட்டால் அந்த வருடத்துக்குக் கவலை இல்லை, அந்த வேப்பமரத்தடியிலிருந்து எங்களை யாரும் எழுப்பவும் முடியாது. அந்த வாரச் சந்தைக்கு டீச்சரம்மா கையில் ஒரு பானையோடு வந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. கழுத்துக்குக் கீழே கோழி தெளிவாக நின்றது. "இது உங்க பானை இல்லைன்னு இப்ப சொல்லுங்க பார்ப்போம்" என்றார். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஏன் ஒழுகியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பானை என்றால் ஒன்றிரண்டு ஒழுகத்தான் செய்யும். வேறு ஒன்றைக் கையில் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். உன் அப்பா பானையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். கோழியைத் தடவிப் பார்த்தார். பிறகு நாலு பேர் கேட்க, "கழுத்து வரைக்குந்தாங்க என் வேல. அதுல ஒரு சொட்டு ஒழுவாது. அடி இவ தட்டுனது" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சரம்மாவும் பார்த்தார். நான் குனிந்து பானைகளுக்கு அடியில் பரப்பியிருந்த வைக்கோலை ஒழுங்குபடுத்தினேன். கோழி மார்க் என்று பெயர் வந்தபோது இவர் என் பக்கம் கையைக் காட்டினாரா? ஒரு நாளும் இல்லை. ஒழுகும்போது மட்டும் நான் கண்ணில் பட்டுவிட்டேன். எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? காது இரண்டும் கொதித்தது. வீடு வரும் வழியில் அவர் ஒன்றும் நடக்காதது போல, "இந்த வாரம் பெரிய பானயா நெறய எழுப்பிடறன்" என்று பேசிக்கொண்டே வந்தார். எழுப்புங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எழுப்பினார். நான் தட்டவில்லை. சோறு ஆக்கினேன், உன்னைக் குளிப்பாட்டினேன், மண் மிதித்தேன், அவரோடு பேசக்கூடச் செய்தேன். பலகையை மட்டும் தொடவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் அவருக்கு உறைத்தது. "ஏ புள்ள, பான காயுது பாரு" என்றார். அந்த நாளில் டவுன்ஷிப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு வார்த்தைதான் காதில் விழும். டீக்கடையில் அதே பேச்சு, பஸ்ஸில் அதே பேச்சு, சுரங்கத்து கேட் வாசலில் கொடி பிடித்துக்கொண்டு அதே கோஷம். நானும் அதையே அவரிடம் கேட்டேன். "நான் இந்த வூட்ல காண்ட்ராக்ட்டா, பர்மனென்ட்டா? அத மொதல்ல சொல்லுங்க. அப்பறம் தட்டறன்."

"என்னாது?"

"காண்ட்ராக்ட்டுன்னா ஒழுவுனா என்ன நிறுத்திடுங்க. பர்மனென்ட்டுன்னா எனக்கும் மார்க்கு வேணும்."

"பொம்பளைக்கு என்னாத்துக்கு மார்க்கு?" என்றார். "அப்ப அடியும் வேணாம்" என்றேன். அதோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

அவர் விடவில்லை. சேத்தியாத்தோப்புக்கு ஆள் அனுப்பி உன் அத்தையை வரவழைத்தார். அத்தை தட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. சொந்தமாக ஒரு தட்டுப்பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சண்டைக்கு வருகிறவள்போல இறங்கினாள். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு உட்கார்ந்து, சாம்பலைத் தொட்டுத் தட்ட ஆரம்பித்தாள். அந்தக் கை ஓடிய வேகத்தைப் பார்த்தேன். தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். தட்டிக்கொண்டே அவள், "ஏண்டி, என்னாதான் நடந்துது?" என்று கேட்டாள். சொன்னேன். பலகை நின்றது. "நாலு பேரு எதுருலயா சொன்னான்?" என்றாள். "சந்தயில." "கைய நீட்டியா?" "நீட்டி." அவள் கல்லைக் கீழே வைத்தாள். "எங்க வூட்டு ஆளும் இப்புடித்தாண்டி. நெல்லு கருக்கா போச்சின்னா நாத்து நட்டவள சொல்லுவாரு, வெளஞ்சிதுன்னா வெதச்ச கைய மோந்து பாத்துக்குவாரு" என்றாள். பலகையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டாள். ஆனால் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அது உன் அப்பா எதிர்பார்க்காதது. வீட்டில் வேலை நிறுத்தம் செய்கிறவர்கள் இரண்டு பேர் ஆனார்கள், இரண்டு பேருக்கும் நல்ல பசி.

கொட்டகை முழுவதும் அடியில்லாத பானைகள் நின்றன. எல்லாவற்றிலும் கழுத்துக்குக் கீழே கோழி மட்டும் அழகாகப் பதிந்திருந்தது. பக்கத்துக் குடிசைக்காரி வந்து, "எங்க முருங்கக் கன்னுக்கு வேலியா வச்சிக்கறன், ஒண்ணு குடேன்" என்று கேட்டாள். எங்கள் வீட்டுப் பெட்டைக்கோழி ஒன்று ஒரு பானையின் வாய் வழியாக நுழைந்து அடி வழியாக வெளியே வந்து, கொக்கரித்துவிட்டுப் போயிற்று. உன் அத்தை சிரித்த சிரிப்பில் நீ தூளியில் விழித்துக்கொண்டு அழுதாய். உன் அப்பா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பலகையை எடுத்துத் தானே உட்கார்ந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. முதல் பானையில் பலகை உள்ளே போய்க் கல்லில் மோதியது. இரண்டாவதில் கல் வெளியே வந்தது. மூன்றாவதை எப்படியோ மூடிவிட்டார். கீழே வைத்தால், கள்ளுக்கடையிலிருந்து வந்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல உருண்டு, சக்கரத்துக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் சிவந்திருந்தது. "இத்தயா தெனம் செய்யற?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, பானையைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, போட்டுக்க உன் மார்க்க. யாரு வேணாங்கறா" என்றார். யார் வேண்டாம் என்றது என்று அத்தை வாயைத் திறந்தாள். நான் கையைப் பிடித்து அடக்கினேன்.

ராசா, அதில் ஒரு வேடிக்கை உண்டு. மார்க்கு வேண்டும் என்று அத்தனை சண்டை போட்டேனே தவிர, என்ன மார்க்கு என்று நான் யோசித்ததே இல்லை. அத்தை தாமரை போடச் சொன்னாள். விளக்கு போடு, மீன் போடு என்றாள். எனக்குப் படம் வராது. எழுத்துதான் வரும். மேல்பட்டாம்பாக்கத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான். அந்தப் படிப்பால் அதுவரை கடிதம் படித்ததைத் தவிர ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை. தட்டி முடித்த முதல் பானையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தென்னை ஈர்க்கால் அடியில் என் பெயரை எழுதினேன்.

எழுதி முடித்த பிறகுதான் பயம் வந்தது. உன் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏ புள்ள", "இந்தா", நீ பிறந்த பிறகு "பையன் அம்மா". அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான், நான் அதைக் குறையாக நினைத்ததில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே சொல்லாத பெயர் சந்தையில் போய்க் கவிழ்ந்து கிடக்கப்போகிறது. அவர் பானையைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்னா கோலம் இது, சுழி சுழியா?" என்றார். "அடையாளம்" என்றேன். "நல்லாத்தான் இருக்குது. ஆனா அடியில போட்டா அடுப்புல கரி புடிச்சிக்குமே" என்றார். "புடிச்சிக்கட்டும்" என்றேன். அத்தைக்கும் எழுத்து தெரியாது. ஆக, அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் அது என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் அழித்துவிடச் சொல்வாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். நானும் அத்தையும் கை ஓயத் தட்டினோம். சூளை பிரித்தபோது எல்லாப் பானையும் செக்கச் செவேலென்று வந்தது.

பொங்கலுக்கு முந்திய சந்தை. பானைகளை வாயைக் கீழே கவிழ்த்து அடுக்குவதுதான் வழக்கம், அப்போதுதான் தூசு விழாது. ஆகவே கோழி எல்லாம் கீழே போய்விட்டது. மரத்தடி முழுக்க என் பெயர் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நான் பானைக் குவியலுக்குப் பின்னால் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சரம்மா பிளாக்குப் பெண்களோடு வந்தார். சுண்டிப் பார்க்கக் கையை நீட்டியவர் அப்படியே நிறுத்தினார். கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, வகுப்பில் வாசிக்கிற குரலில், என் பெயரை உரக்கப் படித்தார். அடுத்த பானையைப் பார்த்தார். அதையும் படித்தார். "இது யார் பேரு?" என்று உன் அப்பாவைக் கேட்டார்.

உன் அப்பா முகத்தை நான் பார்த்தேன். பெயர் காதில் விழுந்ததும் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு பானையைப் பார்த்தார். சுழி சுழியாக இருந்தது என்ன என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எந்த நேரமும் சண்டை வெடிக்கும், இல்லாவிட்டால் பானையை எல்லாம் திருப்பி வைக்கச் சொல்வார் என்று இருந்தேன். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, டீச்சரம்மாவோடு வந்த ஒரு பெண், "குலதெய்வம் பேரா இருக்கும். அம்மன் பேருதானேய்யா?" என்று எடுத்துக் கொடுத்தாள். என் பெயரும் அம்மன் பெயர்தான். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். மானம் மிஞ்சும், பானையும் விற்கும், இன்னும் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்குவார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"சாமி பேரு இல்லீங்கம்மா" என்றார். "எங்க வூட்ல அதோட பேரு."

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என் பெயரை அவர் வாயால் சொன்னார். ஒரு எழுத்தை விழுங்காமல், கோழி மார்க்கு என்று கூவுகிற அதே குரலில் சொன்னார். "அதான் செஞ்சிது. நான் சக்கரம் சுத்திக் குடுக்கறவன்" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. அவருக்கு எதையும் பாதியில் விடுகிற வழக்கம் இல்லை. "சரிய்யா, இனிமே ஒழுகினா யாரைக் கேட்கிறது? இந்தம்மாவையா?"

"ஒழுவுச்சின்னா என்னக் கேளுங்க" என்றார் உன் அப்பா. "அதுக்கு நான் இருக்கறன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுரங்கத்து மண் காற்றில் பறந்து கண்ணில் விழுந்தது என்று அத்தையிடம் சொன்னேன். அன்றைக்குக் காற்றே இல்லை. எல்லாப் பானையும் விற்றுப் போயிற்று. அந்த மரத்தடி எங்களுக்கு நிலைத்தது. பெரியப்பா சூளைக்குப் போகவேண்டிய அவசியம் பிறகு வரவே இல்லை. திரும்பி வரும்போது அத்தை உன்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் அவர் பக்கத்தில் போய், "இன்னொரு வாட்டி சொல்லுங்களேன்" என்றேன். "என்னாத்த?" என்றார். "பேர." "போ புள்ள, ரோட்டுல போய்க்கினு" என்றார். காது நுனிவரை சிவந்திருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒரு வாட்டி இத்தனை வருடத்துக்கும் தாங்கியிருக்கிறது.

"இன்னுமா சாப்பாட்டப் பத்தி எழுதற?" என்று கேட்கிறார். முடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்ல மீதி இருப்பது கொஞ்சம்தான். நீ இந்தக் காலத்துப் பிள்ளை, பெண்டாட்டியை வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் கை பட்ட காரியம் ஏதாவது ஒன்று நாலு பேர் நடுவில் ஒழுகுகிற நாள் வரும். எல்லா வீட்டிலும் வருகிறது. அன்றைக்கு எல்லாரும் உன் வாயைப் பார்ப்பார்கள். அவள் பார்க்க மாட்டாள். குனிந்து வைக்கோலை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கேட்கிற மாதிரி பேசு.

உன் அம்மா